ஊக்கு விற்க வந்தவரும் பாய்லர் அக்காவும்

அந்தச் சலவைக்கூடத்தில் இரண்டு பாய்லர்கள் இருந்தன. ஒன்று பின்கட்டில் நின்று நீராவி தயாரித்தது. வருஷத்துக்கு ஒரு முறை யாரோ வந்து அதைத் தட்டிப் பார்த்து, கொதிப்பு அளவோடுதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இன்னொன்று முன்கட்டில், மடிப்புக் கூடத்தில் நின்றது. அதைத் தட்டிப் பார்க்கும் தைரியம் எவருக்கும் வந்ததில்லை. ஐம்பத்திரண்டு வயது, குட்டை உருவம், இடுப்பில் செருகிய துண்டு. பெயர் என்று ஒன்று இருந்தது, சம்பளப் பட்டியலில் மட்டும். கூடத்தில் எல்லோருக்கும் அவள் பாய்லர் அக்காதான். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பாய்லர்.

அவள் அங்கே மேஸ்திரி. மூன்று மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வெளுக்க வரும். நாளைக்கு மூவாயிரம் விரிப்பு. வெளுத்து உலர்ந்து வருவதை உதறி, இழுத்து, நான்காக மடித்து, பத்துப் பத்தாகக் கட்டி, எந்த வார்டு என்று எழுதிய துணித்துண்டை ஒரு ஊக்கால் குத்தி வண்டியில் ஏற்ற வேண்டும். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை. கூடத்தில் அவளையும் சேர்த்து இருபத்திரண்டு பெண்கள், பதினொரு ஜோடி.

பத்தொன்பது வயதில் ஈர விரிப்பைத் தூக்கிப் போடுகிறவளாக உள்ளே வந்தவள் அவள். மேஸ்திரி ஆக பதினாறு வருஷம் பிடித்தது. வேறு சொத்து கிடையாது அவளுக்கு. வீட்டில் கணவர் சொல்வதுதான் முடிவு, மகன் வீட்டில் மருமகள் சொல்வதுதான் முடிவு. இந்த ஒரு கூடத்தில்தான், கதவருகே இருந்த அந்த ஒரு சதுர அடியில்தான் அவள் சொன்னது நடந்தது. அந்த இடம் போனால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவள் யோசித்ததே இல்லை. போகும் என்று நினைத்தால் அல்லவா யோசிப்பாள்?

அவள் வேலை வாங்கிய விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜோடி சேர்ப்பதில் அவளுக்கு ஒரு விதி இருந்தது. ஒத்துப்போகிறவர்களை ஒன்றாக நிறுத்த மாட்டாள். எலியும் பூனையுமாக இருப்பவர்களைத்தான் தேடிப் பிடித்து எதிரெதிரே நிறுத்துவாள். சிநேகிதிகள் மடித்தால் வாய் ஓடும், கை நிற்கும். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் மடித்தால் வாய் மூடியிருக்கும், கை பறக்கும். ஒருத்தி வெடுக்கென்று இழுத்தால் மற்றவள் அதைவிட வெடுக்கென்று இழுப்பாள். அந்த இழுப்பில் சுருக்கமெல்லாம் தானாகப் போய்விடும். யாராவது இருவர் சமாதானமாகிவிட்டார்கள் என்று தெரிந்தால் மறுநாளே ஜோடியை மாற்றிவிடுவாள்.

இந்த விதிக்கு அவளும் விலக்கு இல்லை. அவளுடைய ஜோடி அவளுடைய சொந்தத் தங்கை. தங்கை அவளோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் தங்கை தாமதமாக வந்தாள். "உன் வீட்டுக் காய்ச்சலை வீட்டோட வச்சுக்கோ, இங்க தெர்மாமீட்டர் கிடையாது" என்று இருபது பேர் முன்னால் கத்தினாள் அக்கா. அன்றைக்கு மூடிய வாய்தான். அக்காவும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காலை தங்கையின் ஜோடியை மாற்றித் தன் எதிரே நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். கூடத்திலேயே அதிகம் மடிக்கிற ஜோடி அதுதான். இதை நல்ல குணம் என்று நான் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கூடத்துக்குத்தான் ஒருநாள் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. உலர்த்தும் இயந்திரங்கள் நான்கும் இரைந்துகொண்டிருந்தன. எதிர்முனையில் குமாஸ்தா கத்தினார். "ஊக்குவிக்க அதிகாரி வர்றாரு! நாளைக்குப் பத்து மணி! போர்டுல எழுதிப் போடுங்க!"

பாய்லருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மூன்று மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். இருந்த ஊக்கெல்லாம் துருப்பிடித்து, வெள்ளை விரிப்பில் பழுப்புப் புள்ளி விழுந்து, மருத்துவமனைகள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் ஆதலால் ஒரு விஷயத்தில் மட்டும் தயங்கினாள். குமாஸ்தா 'விக்க' என்று பேச்சில் சொல்லலாம். பலகையில் எழுதும்போது அப்படி எழுதலாமா? சாக்கட்டியை எடுத்து, இலக்கணம் பிசகாமல், முத்து முத்தாக எழுதினாள்.

'நாளை காலை 10 மணிக்கு ஊழியர்களுக்கு ஊக்கு விற்க அதிகாரி வருகிறார்.'

எழுதி முடித்துப் பார்த்த பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. விற்கவா? கம்பெனி வேலைக்கு வேண்டிய ஊக்கை நாங்கள் கைக்காசு போட்டு வாங்க வேண்டுமா? அடுத்த பத்து நிமிஷத்தில் கூடம் முழுவதும் பற்றிக்கொண்டது. கீரியும் பாம்புமாக இருந்த பதினொரு ஜோடியும் அன்று ஒரே கட்சி.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பளிச்சென்று வெள்ளைக் காலணி, கையில் ஒரு பெட்டி, முகத்தில் வாசலிலேயே மாட்டிக்கொண்டு வந்த சிரிப்பு. இருபத்திரண்டு பெண்கள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்! நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுமா?"

"தெரியுமே. ஒண்ணு என்ன விலை?" என்றாள் பாய்லர்.

அதிகாரிக்குப் புரியவில்லை. "எது?"

"அதான், நீங்க விக்க வந்தது. டஜன் கணக்கா, ஒத்தை ஒத்தையாவா?"

"மொதல்ல பெட்டியத் திறந்து காட்டுங்க சார். போன தடவை மாதிரி துருப்பிடிக்கிற சரக்கா இருந்தா ஓசியில குடுத்தாலும் வேணாம்" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"நான் எதையும் விக்க வரலைம்மா. உங்களை ஊக்குவிக்க வந்திருக்கேன்!"

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்!" என்று இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அதிகாரி திரும்பிப் பலகையைப் பார்த்தார். படித்தார். மாட்டிக்கொண்டு வந்த சிரிப்பு கழன்று விழுந்தது. எழுதியது யார் என்று கேட்டார். பாய்லர் மார்பை நிமிர்த்தி, "நான்தான்" என்றாள். வேண்டுமென்றே கேலி செய்வதற்காக எழுதியது என்று அவர் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டார். இவள் எழுதியது அறியாமையால் என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் இவள். தெரியாமல் எழுதினேன் என்று சொல்வதைவிடத் திமிரில் எழுதினேன் என்று இருக்கட்டும் என்று இவள் விட்டுவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு 'ஊக்கு சார்' என்று பெயர் விழுந்தது. அதையும் அவர் காதில் யாரோ போட்டுவிட்டார்கள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட ஆளுக்கா பஞ்சம்?

ஊக்கு சார் ஒரு வாரம் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பாய்லர் திட்டுவதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார். ஒரே நாளில் எழுபத்தாறு தடவை திட்டியிருக்கிறாள் என்று அவளிடமே சொன்னார்.

"எண்ணினதுக்கு நாலு விரிப்பு மடிச்சிருக்கலாம் சார்" என்றாள் அவள்.

"ஏன் சண்டை போட்டவங்களையே ஜோடி சேக்கறீங்க?"

"சண்டை போடாதவங்களைச் சேத்தா கல்யாணம் பண்ணி வைக்க வேண்டி வரும். இங்க எனக்கு விரிப்பு மடியணும்."

இரண்டாம் வாரம் அவர் ஜோடிகளைக் கலைத்தார். யாருக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர்களோடு நிற்கலாம் என்றார். பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. சிநேகிதிகள் சேர்ந்தார்கள். கூடத்தில் முதல் முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. முனை முனையோடு சேராமல் கோணிக்கொண்டு போன விரிப்புகளைப் பார்த்துக்கூடச் சிரித்தார்கள். மூவாயிரம் இரண்டாயிரத்து நானூறு ஆனது. மாற்றம் வரும்போது முதலில் கொஞ்சம் இறங்கும், பிறகு ஏறும் என்றார் ஊக்கு சார். அவர் போன்ற ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு 'பிறகு' கைவசம் இருக்கும். ஜோடி கிடைக்காமல் மிச்சம் நின்றவர்கள் இரண்டே பேர். அக்காவும் தங்கையும். வேறு வழியில்லாமல் அவர்கள் பழையபடியே எதிரெதிரே நின்றார்கள்.

மூன்றாம் வாரம்தான் சீட்டு வந்தது. ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்தார் ஊக்கு சார். 'வேலையில் உங்கள் உற்சாகத்தைக் கெடுப்பது எது?' என்பது கேள்வி. பெயர் எழுத வேண்டாம், மனதில் இருப்பதை எழுதினால் போதும். இருபத்திரண்டு பேரும் எழுதினார்கள். பாய்லரும் எழுதினாள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கி, எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாகப் பிரித்து உரக்கப் படித்தார்.

"பாய்லர்."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். பாய்லரும் சிரித்தாள். ஒருத்தியாவது எழுதாமல் இருப்பாளா என்ன?

"பாய்லர் அக்கா." "மேஸ்திரி." "பாய்லர்." "பாய்லர் அக்காவின் வாய்." "பாய்லர்."

பத்தாவது சீட்டில் சிரிப்பு நின்றது. பதினைந்தாவதில் பெண்கள் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஊக்கு சார் நிறுத்தவில்லை. பலகையில் அவள் எழுதியதற்கு அவர் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாவது சீட்டு வரை படித்து முடித்தார். இருபத்தொரு சீட்டில் அவள். ஒரே ஒரு சீட்டில் மட்டும் 'துருப்பிடித்த ஊக்கு' என்று இருந்தது. அது அவள் எழுதியது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தொன்று என்றால் எல்லோரும். எல்லோரும் என்றால் எதிரே விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தங்கையும்தான். கணக்கு அத்தனை எளிது.

"இனிமே இங்க மேஸ்திரின்னு யாரும் கிடையாது. எல்லாருமே தலைவர்கள்தான்!" என்று ஊக்கு சார் கை தட்டினார். எல்லோரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார் என்று கேட்க அன்று கூடத்தில் வாய் இல்லை. கேட்கக்கூடிய ஒரே வாய் மூடிக்கொண்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்திலேயே ஜனங்களிடம் பேசித் தீர்த்துவிட்டதால் வீட்டில் அளந்துதான் பேசுவார்.

"இருபத்தொரு பேருங்க. ஒருத்தி பாக்கியில்லாம எழுதியிருக்காளுங்க."

"கேள்வி என்ன?"

சொன்னாள்.

"என்கிட்ட ஒரு சீட்டு குடுத்திருந்தா நானும் அதையேதான் எழுதியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் விளக்கை அணைக்கப் போனார். அவள் சோற்றுத் தட்டோடு சமையலறையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுதாள் என்று எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். அழுதாள்.

மறுநாள் வேலைக்குப் போனாள். கதவருகே நிற்காமல் வரிசையில் போய் நின்றாள். ஒரு திட்டு இல்லை, ஒரு அதட்டல் இல்லை. வழியில் நின்ற ஒருத்தியிடம், "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாம்மா?" என்றாள். அந்தப் பெண் பயந்துபோய் தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டாள். பதினேழு வருஷமாக 'அடியே' தவிர வேறு எதையும் கேட்டறியாத காதுகள். அந்த 'ம்மா'வைக் கேட்டு நடுங்கிப்போயின.

இரண்டாயிரத்து நானூறு இரண்டாயிரம் ஆயிற்று, பிறகு ஆயிரத்தெழுநூறு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. ஒரு மருத்துவமனையில் விரிப்பு இல்லாமல் நோயாளிகளை வெறும் மெத்தையில் படுக்க வைத்ததாகத் தகவல் வந்தது. அடுத்த நாள் காலை முதலாளியே வந்து நின்றார். அவர் கூடத்துக்குள் வந்து நான்கு வருஷம் ஆகியிருக்கும்.

"இங்க பாருங்க. இன்னைக்கு அஞ்சு மணி வண்டியில மூவாயிரமும் போகணும். போகலேன்னா நாளையிலேருந்து மடிப்பு வேலையை வெளியில குடுத்துடுவேன். இந்தக் கூடமே தேவையில்லை." பாய்லர் பக்கம் திரும்பினார். "நீயே மறுபடியும் பாரு. வேற வழி தெரியலை எனக்கு."

"திட்டக்கூடாது. ஒரு குறை சொன்னா மூணு பாராட்டு சொல்லணும்" என்று பக்கத்தில் நின்ற ஊக்கு சார் சேர்த்துக்கொண்டார்.

இருபத்திரண்டு பேர் பிழைப்பு இப்போது ஒரு வாயில் இருந்தது. பாய்லர் கதவருகே தன் பழைய இடத்தில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். எந்த முகத்தைப் பார்த்தாலும் அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"வாங்கம்மா... வேலையைப் பாக்கலாமா?" என்றாள் கடைசியில்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பகல் ஒரு மணிக்கு ஆயிரம்கூடத் தாண்டவில்லை. சாப்பாட்டு வேளையில், கூடத்திலேயே மூத்தவளான பெண் பாய்லர் அருகே வந்து உட்கார்ந்தாள்.

"ஏன் அக்கா இப்படிச் சாமி சிலை மாதிரி நிக்கற? எங்களைக் கேட்டது என்ன? உற்சாகத்தைக் கெடுக்கிறது எதுன்னு. நீதான் கெடுக்கற. எழுதினோம். உன்னைப் போகச் சொல்லியா எழுதினோம்? என் வீட்டுல வந்து கேட்டா என் மாமியார்னு எழுதுவேன். அதுக்காக மாமியாரையா மாத்திக் குடுப்பாங்க?"

நியாயமான பேச்சுதான். ஆனால் நியாயத்தால் ஆறுகிற புண்ணா அது? "சரிம்மா" என்றாள் பாய்லர். மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

இரண்டு மணிக்கு மேல் மறுபடி மடிக்க நின்றார்கள். எதிரே தங்கை. விரிப்பை உதறினார்கள், இழுத்தார்கள். பாய்லரின் கையில் பிடியே இல்லை. முனை நழுவி விழுந்தது. இன்னொரு முறை நழுவியது. மூன்றாம் முறை நழுவியபோது தங்கை விரிப்பைத் தரையில் போட்டுவிட்டு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அக்காவிடம் வாயைத் திறந்தாள்.

"அந்தாளு படிச்சானே மொதல் சீட்டு, அது என்னுது."

கூடமே நின்றது.

"எல்லாரும் பேனா தேடிக்கிட்டு இருந்தாங்க. நான் அதுக்குள்ள எழுதிட்டேன். யோசிக்கவே இல்லை. பெரிசு பெரிசா எழுதி, ரெண்டு தடவை அடிக்கோடு போட்டேன்."

பாய்லரின் காதுமடல் சிவந்தது. கழுத்து சிவந்தது. இடுப்பிலிருந்த துண்டை உருவித் தரையில் அடித்தாள்.

"அடிக்கோடா? ஏழாவது படிக்கிற வரைக்கும் உன் பேருக்குக் கால் போடத் தெரியாம என் ஸ்லேட்டைப் பாத்து எழுதினவ நீ! எனக்கு அடிக்கோடு போடறியா? குனிஞ்சு எடுடி அதை! மருத்துவமனை விரிப்பு, உன் புருஷன் கைலின்னு நெனச்சியா தரையில போட! நீங்க என்னடி பாத்துக்கிட்டு நிக்கறீங்க? கையில இருக்கறது விரிப்பா, பொறந்த வீட்டுச் சொத்தா? இப்படிப் பிடிச்சுக்கிட்டே நிக்கறீங்க! ஏய், நீ அவகூட நிக்காத, அவளுக்கும் உனக்கும் ரொம்ப ஒத்துப்போகுது. போன வருஷம் உன்னைத் திருடின்னு சொன்னாளே, அவ எதிர்ல போய் நில்லு! இழுத்தா சுருக்கம் போகணும், உதறினா கூரை ஆடணும்! இருபத்தொரு சீட்டு எழுதத் தெரிஞ்ச கைக்கு விரிப்பு மடிக்கத் தெரியாதா?"

ஊக்கு சார் எழுந்து, "மேடம், மூணு பாராட்டு..." என்றார்.

"இந்தாங்க சார், பாராட்டு. உங்க செருப்பு ரொம்ப வெள்ளையா இருக்கு. ரெண்டு இன்னும் பாக்கி இருக்கு, சாயங்காலம் தரேன். இப்ப ஓரமா போங்க, வண்டி வரணும்!"

ஜோடிகள் ஒரு நிமிஷத்தில் மாறின. பழைய பகைகளெல்லாம் அவரவர் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றன. பிறகு கூடத்தில் துணி படபடக்கும் ஓசையும் அவள் குரலும் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. எதிரே தங்கை கையே தெரியாத வேகத்தில் மடித்தாள். ஒவ்வொரு இழுப்பிலும் பாய்லரின் தோள்பட்டை கழன்று வருவது போலிருந்தது. அவளும் அதே விசையோடு திருப்பி இழுத்தாள். ஐந்து மணிக்கு வண்டி வந்து ஹாரன் அடித்தபோது இருபது கட்டு பாக்கி இருந்தது. ஓட்டுநரையும் நாலு வார்த்தை திட்டிப் பதினைந்து நிமிஷம் நிற்க வைத்தாள். மூவாயிரமும் ஏறியது.

பெண்கள் கை கால் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். உடை மாற்றும் அறையில் கடைசியாக மிஞ்சியது இரண்டு பேர். தங்கை குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பாய்லருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. என்னைக் கிளப்பிவிடத்தான் அப்படிச் சொன்னாள், மனசில் இருந்து சொல்லவில்லை என்று மத்தியானத்திலிருந்து அவளுக்குள் ஒரு நப்பாசை.

"ஏய். அந்தச் சீட்டு... நிஜமாவே உன்னுதா? இல்ல, வேலை நடக்கணும்னு சொன்னியா?"

தங்கை நிமிர்ந்து அக்காவை நேராகப் பார்த்தாள்.

"நிஜந்தான். மொதல் சீட்டு என்னுதுதான்."

"ரெண்டு தடவை அடிக்கோடு போட்டது?"

தங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவு வரைக்கும் போய் நின்றாள்.

"அது பொய். ஒரு தடவைதான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.